அச்சத்தை விழுங்கும் லயங்கள்: மனத்தின் அரண்களும் மூலதனத்தின் கணக்கும்

2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு, இடுக்கி மாவட்டம் மூணாறுக்கு அருகே ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனத்தின் நயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த நான்கு லயங்கள், உள்ளே இருந்த குடும்பங்களோடு மண்ணில் புதைந்தன. 70 பேர் மாண்டனர். அவர்களில் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மாண்டவர்கள் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும், பெரும்பாலோர் தலித்துகள், பல குடும்பங்களின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு வட்டாரம். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால் செய்தி வெளியுலகை எட்டுவதற்கே மறுநாள் காலை ஆயிற்று.

இத்தகைய ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் ஒரு கேள்வி எழுகிறது: “ஆபத்தான இடம் என்று தெரிந்தும் ஏன் அங்கேயே இருந்தார்கள்?” இரக்கத்தின் குரலில் கேட்கப்பட்டாலும், இது மாண்டவர்களின் மீதே பழியைச் சுமத்தும் கேள்வி. இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, நிலமும் வீடும் யாருக்குச் சொந்தம் என்பதில் இருக்கிறது. மற்றொன்று, தப்பிக்க இயலாத ஆபத்தின் அருகே நாள்தோறும் உறங்கி எழ வேண்டிய மனிதரின் மனம் எவ்வாறு இயங்குகிறது என்பதில் இருக்கிறது. முதல் விடையை இடதுசாரி இயக்கம் நெடுங்காலமாகப் பேசி வந்திருக்கிறது. இரண்டாவதை அது பெரும்பாலும் பேசாமலே விட்டுவிட்டது. அவ்வாறு விடப்பட்ட இடத்தைத் தலையெழுத்து என்ற பழைய விளக்கமும், எல்லாம் தனிமனிதரின் மனநிலையில்தான் இருக்கிறது என்ற புதிய விளக்கமும் பங்குபோட்டுக் கொள்கின்றன.

மனம் தனக்கு எழுப்பிக்கொள்ளும் அரண்கள்

தாங்கவொண்ணாத எண்ணத்தை மனம் தன் நனவிலிருந்து விலக்கி வைத்துத் தற்காத்துக் கொள்கிறது என்ற கருத்தை சிக்மண்ட் பிராய்டு 1894-ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். 1926-இல் அவர் அதை மேலும் செம்மைப்படுத்தினார். பதற்றம் என்பது ஓர் அபாய அறிவிப்பு. அந்த அறிவிப்பு ஒலித்தவுடன் மனம் தன் அரண்களை எழுப்புகிறது என்றார். அவருடைய மகள் அன்னா பிராய்டு 1936-இல் வெளியிட்ட நூலில் இந்த அரண்களை வகைப்படுத்தி விளக்கினார்.

அந்த அரண்கள் நம் அன்றாட வாழ்வில் காணக் கிடைப்பவையே. வேண்டாத நினைவை அடியாழத்தில் அமுக்கி வைத்தல். கண்முன் நிற்கும் உண்மையை இல்லையென்று மறுத்தல். தன்னுள் இருக்கும் குற்றத்தையோ பகையையோ பிறர்மேல் ஏற்றிக் காணுதல். வலியவர் மீது எழும் சினத்தை எளியவர் மீது திருப்புதல். செய்துவிட்ட செயலுக்குப் பிறகு காரணம் கற்பித்தல். அச்சுறுத்துபவரோடு தன்னையே ஒன்றாக்கிக் கொள்ளுதல். இவை அனைத்துக்கும் பொதுவான பண்பு, இவை நனவிலி மனத்தில் நிகழ்கின்றன என்பது. பொய் சொல்பவருக்கு உண்மை தெரியும். அரண் எழுப்பிக் கொண்டவருக்கோ தாம் ஒன்றை மறைத்து வைத்திருப்பதே தெரியாது.

மார்க்சியர்களுக்கு இது முற்றிலும் அயலான கருத்து அன்று. 1893-இல் மெஹ்ரிங்குக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கெல்ஸ், தன்னை உந்துகின்ற உண்மையான காரணங்களை அறியாமலே சிந்தனையாளர் சிந்திக்கிறார் என்றும், அறிந்திருந்தால் அது கருத்தியலாகவே இருக்காது என்றும் விளக்கியிருந்தார். பிராய்டு தனிமனிதரின் உள்ளத்தில் கண்டதற்கு நிகரான ஒன்றை ஏங்கெல்ஸ் சமூகத்தின் சிந்தனையில் கண்டார். ஆனால் பிராய்டின் நோயாளிகள் பெரும்பாலும் வியன்னாவின் வசதியான குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நம் நாட்டிலும் 1922-இல் கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார் என்றாலும், அந்த அறிவு நகர நடுத்தர வர்க்கத்தைத் தாண்டி உழைப்பாளரின் குடியிருப்பை எட்டவில்லை. ஆகவே இந்தக் கோட்பாட்டை லயத்தின் வாசலில் வைத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

தப்பி ஓட வழியில்லாத இடம்

பிராய்டு பதற்றத்தை மூன்றாகப் பிரித்தார். புற உலகின் மெய்யான ஆபத்தால் எழுவது ஒன்று. உள்ளே கிளரும் இயல்பூக்கங்களால் எழுவது இரண்டாவது. மனச்சான்றின் கண்டிப்பால் எழுவது மூன்றாவது. புற ஆபத்து வந்தால் மனிதர் ஓடலாம், அல்லது எதிர்த்து நிற்கலாம். உள்ளிருந்து வரும் ஆபத்திலிருந்து ஓட முடியாது. தன் மனத்தை விட்டு எவரும் வெளியேற இயலாது. அதனால்தான் அங்கே மறுப்பும் அமுக்கமும் தேவைப்படுகின்றன.

பெட்டிமுடி போன்ற இடங்களில் இந்தப் பாகுபாடு தலைகீழாகிறது. மலையும் மழையும் முற்றிலும் புற ஆபத்துகள். ஆயினும் அங்கிருந்து ஓடுவதற்கு வழியில்லை. லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட வீடுகள். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, பெயருக்கு ஒரு முன்பகுதி. பல, வெள்ளையர் காலத்தில் எழுந்தவை. அந்த வீடு வேலையோடு கட்டுண்டது. வேலையிலிருந்து ஓய்வுபெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டைக் காப்பாற்றிக் கொள்ள மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் கொடுக்க வேண்டும். மூன்று நான்கு தலைமுறைகளாகக் கொழுந்து கிள்ளியும் ஒரு சென்ட் நிலமற்ற குடும்பங்களுக்குப் பூர்வீக ஊரிலும் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. தோட்டத் தொழிலாளருக்கு வீடு தரவேண்டியது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. உரிமையாகக் கிடைத்த அந்த வீடு, நில உரிமை இல்லாத காரணத்தால் காலில் பூட்டிய விலங்காகவும் ஆயிற்று. அந்தச் சட்டத்தையும் ஒன்றிய அரசின் 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விழுங்கிவிட்டது.

ஆகவே லயத்தில் வாழ்பவருக்கு முன்னால் இரண்டு அச்சங்கள் நிற்கின்றன. மலை சரியுமோ என்பது ஒன்று. வீடும் வேலையும் போனால் பிள்ளைகளோடு எங்கே போவது என்பது மற்றொன்று. இரண்டாவது அச்சம் ஒவ்வொரு மாதமும் கூலி நாளில் கண்முன் வருகிறது. முதலாவது மழைக்காலத்தில் மட்டும் தலைதூக்குகிறது. இரண்டையும் ஒருசேர நனவில் வைத்துக்கொண்டு யாராலும் காலை ஏழரை மணிக்குப் பிரட்டுக்குப் போய் நிற்க முடியாது. எனவே மனம் ஒன்றை விழுங்குகிறது. “இத்தனை வருடமாக ஒன்றும் ஆகவில்லையே” என்கிறது. “அந்தப் பக்கம்தான் சரியும், நம் பக்கம் பாறை” என்கிறது. எஸ்டேட் கோவிலின் அம்மனை நம்புகிறது. தப்ப வழியில்லாதவருக்குப் புற ஆபத்தும் உள் ஆபத்தைப் போல ஆகிவிடுகிறது. அதை மனத்துக்குள்ளேயே கையாளும்படி அவர் நிர்ப்பந்திக்கப்படுகிறார்.

தேனி மாவட்டத்தின் கம்பம், தேவாரம், போடிநாயக்கனூர் பகுதிகளிலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் மலையேறும் பெண் தொழிலாளர்களின் நிலையும் இதுவே. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழிகளில் ஜீப்புகளில் அளவுக்கு மீறி அடைத்து ஏற்றிச் செல்லப்படுகிறார்கள். விபத்துகள் அடிக்கடி நேர்கின்றன. விபத்து நடந்த மறுநாளும் விடியற்காலையில் அதே வளைவுகளில் ஜீப்புகள் ஏறுகின்றன. உள்ளே சிரிப்பும் கேலியும் கேட்கின்றன. அது அறியாமையின் சிரிப்பு என்று எண்ணுவோர் மனித மனத்தை அறியாதவர்கள். அன்றைய கூலியை இழக்காமல் அந்த வளைவைக் கடப்பதற்கு மனத்துக்குக் கிடைத்திருக்கும் ஒரே கருவி அது.

இந்தக் கருவிக்கு விலை உண்டு. அமுக்கி வைக்கப்பட்டது வேறு வடிவில் திரும்பி வரும் என்பது உளப்பகுப்பாய்வின் அடிப்படைப் பாடம். உறக்கமின்மையாக, காரணம் காண முடியாத தலைவலியாக, நெஞ்சுப் படபடப்பாக அது திரும்புகிறது. ஆண்களிடம் சாராயமாகவும், வீட்டுப் பெண்கள் மீது விழும் அடியாகவும் திரும்புகிறது. நிறுவனத்தின் மீது திரும்ப வேண்டிய சினம் சமையற்கட்டுக்குள் வந்து விழுகிறது. இதையும் “தோட்டத்து ஆண்களின் குணம்” என்று சொல்லிக் கடந்துவிடுவது இன்னொரு மறுப்பு.

நிறுவனங்களின் மறுப்பு

மறுப்பு தொழிலாளரிடம் மட்டும் இல்லை. 1960-இல் இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர் பணிமுறையை ஆராய்ந்து ஒரு முக்கியமான கட்டுரையை வெளியிட்டார். நோயும் மரணமும் சூழ்ந்த பணி தாங்க முடியாத பதற்றத்தைத் தந்தது. அந்தப் பதற்றத்திலிருந்து தப்பிக்க மருத்துவமனையின் ஒழுங்குமுறையே ஓர் அரணாக உருவாகியிருந்தது. நோயாளி பெயரால் அழைக்கப்படாமல் கட்டில் எண்ணாலோ நோயுற்ற உறுப்பாலோ குறிப்பிடப்பட்டார். எந்தச் செவிலியரும் ஒரு நோயாளியோடு நெருங்கிவிடாதபடி வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. முடிவெடுக்கும் பொறுப்பு மேலே மேலே தள்ளிவிடப்பட்டது. தனிமனிதரிடம் காணப்படும் அரண்கள் ஒரு நிறுவனத்தின் சட்டதிட்டங்களாகவே உறைந்துவிடக்கூடும் என்பதை அந்த ஆய்வு காட்டியது.

தோட்ட நிர்வாகங்களிலும் பேரிடர் மேலாண்மை அலுவலகங்களிலும் இதை அப்படியே காணலாம். தொழிலாளி செக்ரோல் எண்ணாகிறார். லயம் பராமரிப்புச் செலவுத் தலைப்பாகிறது. சரிவு நேர்ந்துவிட்டால் “இயற்கைச் சீற்றம்” என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. அந்தச் சொல், லயத்தை அந்த இடத்தில் கட்டியவரையும், அங்கேயே வைத்திருந்தவரையும், அனுமதித்த அதிகாரியையும் ஒருசேர மன்னித்துவிடுகிறது.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். தொழிலாளரின் மறுப்பு அவருக்கு ஓர் இரவு உறக்கத்தைத் தருகிறது. நிறுவனத்தின் மறுப்பு அதற்கு மிச்சத்தைத் தருகிறது: புதிய வீடுகள் கட்டாமல் மிச்சம், பாதுகாப்பான இடத்தை விட்டுக்கொடுக்காமல் மிச்சம். மேலாளர் ஒருவரின் மனத்தில் நனவிலி அரண் ஏதேனும் இருக்கலாம். ஆண்டறிக்கைக்கு நனவிலி கிடையாது. அங்கே எது எழுதப்படுகிறது, எது விடப்படுகிறது என்பது கணக்குப் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. இரண்டு மறுப்புகளையும் “மனித இயல்பு” என்ற ஒரே பெயரால் அழைப்பது, சுரண்டுபவரையும் சுரண்டப்படுபவரையும் ஒரே கட்டிலில் கிடத்தி ஒரே மருந்து கொடுப்பதாகும்.

அரசும் இதற்கு விலக்கு அன்று. பெட்டிமுடி சரிந்த மறுநாள் கரிப்பூரில் விமான விபத்து நேர்ந்தது. கேரள முதல்வர் ஆகஸ்ட் 8-ஆம் நாளே கோழிக்கோடு சென்றார். பெட்டிமுடிக்குச் சென்றது 13-ஆம் நாள். விமான விபத்தில் இறந்தோர் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்த தொகை 10 லட்சம் ரூபாய். பெட்டிமுடிக்கு அறிவித்தது 5 லட்சம். மோசமான வானிலை, துண்டிக்கப்பட்ட பாதைகள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. காரணங்களில் உண்மை இருக்கலாம். செயல் நிகழ்ந்த பிறகு மனம் அதற்குப் பொருத்தமான காரணங்களைத் தேடி அடுக்குவதையே எர்னஸ்ட் ஜோன்ஸ் 1908-இல் ‘நியாயப்படுத்தல்’ என்று பெயரிட்டார். இடதுசாரி முன்னணியின் ஆட்சியிலேயே இது நிகழ்ந்தது என்பதால் இதைப் பேசாமல் விடுவது, இடதுசாரிகள் தமக்கு எழுப்பிக்கொள்ளும் அரணாகிவிடும்.

2011-இல் மாதவ் காட்கில் தலைமையிலான குழு மேற்குத் தொடர்ச்சி மலை குறித்து அறிக்கை அளித்தபோது, அதைத் திறந்த மனத்தோடு விவாதித்த கட்சிகள் கேரளத்தில் அரிது. இடுக்கியின் சிறு விவசாயிகளுக்கு நிலத்திலிருந்து வெளியேற்றப்படுவோம் என்ற அச்சம் உண்மையாகவே இருந்தது. பட்டாவுக்காகப் பல்லாண்டு அலைந்தவர்களின் அச்சம் அது. அந்த அச்சத்தைப் பாறைக் குவாரி முதலாளிகளும் சொகுசு விடுதி முதலாளிகளும் தமக்கு அரணாக்கிக் கொண்டனர். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் மலை சரிந்து 200-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது அங்கேயும் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் அடித்துச் செல்லப்பட்டன.

திசை மாற்றப்படும் அச்சம்

விழுங்கப்பட்ட அச்சத்தை ஆளும் வர்க்கங்கள் வீணாக விடுவதில்லை. அதற்கு ஒரு தவறான முகவரி எழுதித் தருவதே அவற்றின் அரசியல்.

முல்லைப்பெரியாறு இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. 1886-இல் திருவிதாங்கூரும் பிரிட்டிஷ் அரசும் 999 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கட்டப்பட்டு 1895-இல் திறக்கப்பட்ட அணை அது. அணைக்குக் கீழே வாழும் மக்களின் அச்சம் மெய்யானது. குஜராத்தின் மோர்வி அணை 1979-இல் உடைந்த செய்தி அதை வளர்த்தது. நீரை இழந்துவிடுவோமோ என்ற தேனி, மதுரை மாவட்ட விவசாயிகளின் அச்சமும் மெய்யானது. இரண்டு அச்சங்களையும் ஒரே மேசையில் வைத்துப் பொறியியல் அறிவோடு பேசியிருக்கலாம். மாறாக, 2011-ஆம் ஆண்டின் இறுதியில், இடுக்கியில் உணரப்பட்ட சிறு நில அதிர்வுகளைத் தொடர்ந்து, பதற்றம் மொழிப் பகையாகத் திருப்பப்பட்டது. கேரளத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டனர். ஏலத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் மலையிறங்கி ஓடின. தமிழகத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன.

அணை உடையும் என்று அஞ்சிய வண்டிப்பெரியாற்றில், அணைக்கு நேர் கீழே, எஸ்டேட் லயங்களில் வாழ்பவர்களில் கணிசமானோர் தமிழர்களே என்பதை அந்த நாட்களில் இருபுறத்து முழக்கங்களும் மறந்தன. வெள்ளம் வந்தால் அடித்துச் செல்லப்படவிருந்தவர்களே வெள்ளத்துக்குக் காரணமானவர்களைப் போல நடத்தப்பட்டனர். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்துத் தீர்ப்பளித்தது. நீர்மட்டத்துக்கு ஒரு தீர்ப்பு கிடைத்தது. மக்களின் அச்சத்தை எப்படிக் கையாளுவது என்ற கேள்விக்கு இரு மாநில அரசுகளிடமும் இன்றுவரை விடையில்லை.

தன் குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றிக் காணும் அரண் எவ்வளவு கொடியதாகும் என்பதை அறிய, வடக்கே பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையிலுள்ள அட்டப்பாடிக்குச் செல்ல வேண்டும். 1951-இல் அங்கே பழங்குடியினர் பெரும்பான்மையினர். பிறகு வந்த குடியேற்றத்தில் நிலம் கைமாறி, அவர்கள் சிறுபான்மையாயினர். பறிபோன நிலத்தை மீட்டுத்தர 1975-இல் இயற்றப்பட்ட சட்டத்தைக் கேரளத்தின் எந்த அரசும் உளமார நடைமுறைப்படுத்தவில்லை. 2018 பிப்ரவரி 22 அன்று, மனநலம் குன்றியிருந்த ஓர் ஆதிவாசி இளைஞர் உணவுப் பொருள் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, காட்டிலிருந்து பிடித்து வரப்பட்டு, கைகள் கட்டப்பட்டு, அடித்துக் கொல்லப்பட்டார். கட்டப்பட்ட நிலையில் அவரோடு படம் எடுத்துக் கொண்டார்கள். 2023 ஏப்ரலில் மன்னார்க்காடு நீதிமன்றம் 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது.

நிலத்தை இழந்த சமூகத்தின் பிள்ளை, ஒரு பிடி அரிசிக்காகத் திருடன் என்று அழைக்கப்பட்டார். யார் யாரிடமிருந்து எடுத்துக் கொண்டது என்ற கேள்வி அட்டப்பாடியின் மண்ணில் எப்போதும் இருக்கிறது. அந்தக் கேள்வியை நேர்கொள்ள மறுக்கும் சமூகத்துக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான். அடித்தவர்கள் தனிப்பட்ட முறையில் குற்றவாளிகள் என்பதை நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கைகளின் பின்னால் நின்ற குடியேற்ற வரலாறு குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவில்லை.

அதே மாவட்டத்தின் முதலமடை பஞ்சாயத்தில், கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியின் சக்கிலியர் மக்கள் தீண்டாமைக்கு ஆளாவதை 2017-இல் நாடறியச் சொன்னார்கள். அப்போது கேட்ட மறுமொழிகளில் ஒன்று, கேரளத்தில் தீண்டாமையே கிடையாது என்பது. நாராயண குருவும் அய்யன்காளியும் போராடி வென்றெடுத்த மறுமலர்ச்சியின் பெருமிதம், இன்று வாழும் தலித்தின் புகாரைக் கேட்காமலிருப்பதற்கான அரணாகப் பயன்படுகிறது. முற்போக்கு என்ற தற்படிமமே உண்மையைப் பார்க்கவிடாமல் தடுக்கும்போது, அந்தப் படிமத்தை உடைக்கும் கடமை முற்போக்காளர்களுக்கே முதலில் உண்டு.

சினம் தன் முகவரியைக் கண்ட நாட்கள்

அரண்கள் என்றென்றும் நிற்பவை அல்ல என்பதற்கும் இதே மலைகளில் சான்று இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் ‘பெண்பிள்ளை ஒருமை’ என்ற பெயரில் தெருவில் அமர்ந்தார்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2005-இல், டாடா நிறுவனம் தன் தோட்டங்களைக் கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனத்துக்கு மாற்றியபோது தொழிலாளர்களுக்கும் பங்குகள் தரப்பட்டன. நீங்களும் முதலாளிகளே என்ற அந்த ஏற்பாடு, அச்சுறுத்துபவரோடு ஒன்றிக் கொள்ளும் அரணைச் சட்டப் பத்திரமாகவே அச்சடித்துத் தந்தது. 2015-இல் நிறுவனம் போனஸை 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தபோது அந்தப் பத்திரத்தின் மதிப்பு தெரிந்துவிட்டது. அன்றைய நாட்கூலி 232 ரூபாய்.

ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்பது நாட்கள் மூணாறை நிறுத்தி வைத்தனர். ஏஐடியுசி, சிஐடியு, ஐஎன்டியுசி என எல்லாத் தொழிற்சங்கத் தலைவர்களையும் தம் போராட்டத்திலிருந்து விலக்கி வைத்தனர். போனஸும் கருணைத் தொகையுமாக 20 விழுக்காட்டைப் பெற்றே வேலைக்குத் திரும்பினர். அதைத் தொடர்ந்த பேச்சுவார்த்தையில் தேயிலைத் தொழிலாளரின் நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது, கோரியது 500.

கூலி உயர்வைக் காட்டிலும் பெரிய மாற்றம் அந்த ஒன்பது நாட்களில் நிகழ்ந்தது. பல ஆண்டுகளாகச் சமையற்கட்டில், சக தொழிலாளியிடம், தன் உடலின் மீதே திருப்பப்பட்ட சினம் தன் உண்மையான முகவரியைக் கண்டுகொண்டது. கங்காணி முதல் மேலாளர் வரை யாரைக் கண்டு குரல் தாழ்ந்ததோ, அவர்கள் முன்னிலையில் குரல் உயர்ந்தது. எந்த உளவியல் ஆலோசகரும் அவர்களுக்கு அந்தத் துணிவை ஊட்டவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்ணின் தோள்தான் ஊட்டியது. தனியாகத் தாங்க முடியாத உண்மையைக் கூட்டாகத் தாங்க முடிகிறது. கூட்டு உறுதியாக இருக்கும்போது மனத்துக்கு மறுப்பு தேவைப்படுவதில்லை.

அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை என்பதும் உண்மை. பிளவுகள் வந்தன, பின்னர் ஓர் அமைச்சரே அந்தப் பெண்களை இழிவாகப் பேசினார் என்ற கொந்தளிப்பும் 2017-இல் எழுந்தது. தொழிற்சங்கங்கள், இடதுசாரிச் சங்கங்கள் உட்பட, “தூண்டிவிடப்பட்ட போராட்டம்” என்று சொல்லித் தம்மைத் தேற்றிக் கொண்டன. தன் உறுப்பினர்களாலேயே புறக்கணிக்கப்பட்ட ஒரு சங்கத்துக்கு அது வலி தரும் உண்மைதான். அந்த வலியை வெளிச்சதி என்ற விளக்கத்தால் மூடிக்கொண்டதால், கற்றிருக்க வேண்டிய பாடம் கைநழுவியது. ஐந்தாண்டு கழித்துப் பெட்டிமுடி சரிந்தபோது, லயங்களின் இருப்பிடம் குறித்த கோரிக்கை எந்தச் சங்கத்தின் முதற்பக்கத்திலும் இருக்கவில்லை.

செய்ய வேண்டியது

அச்சம் தீர இரண்டு வேலைகள் வேண்டும். முதலாவது, அச்சத்தின் காரணத்தை அகற்றுவது. இடுக்கி, பாலக்காடு, வயநாடு மாவட்டங்களின் ஒவ்வொரு லயத்தின் இருப்பிடமும் நிலவியல் அறிஞர்களால் ஆராயப்பட்டு, முடிவு அந்த லயத்தின் மக்களுக்கே அவர்களுடைய மொழியில் அறிவிக்கப்பட வேண்டும். ஆபத்தான சரிவுகளில் உள்ளோருக்குப் பாதுகாப்பான இடத்தில் நிலமும் பட்டாவும் வீடும் வேண்டும். தோட்ட நிறுவனங்கள் குத்தகையாகவும் வேறு வகையிலும் கைக்கொண்டுள்ள பல்லாயிரம் ஏக்கரிலிருந்து அந்த நிலம் எடுக்கப்பட வேண்டும். வீடு வேலையிலிருந்து பிரிக்கப்படாதவரை எந்தத் தொழிலாளியும் சுதந்திரமாக அஞ்சக்கூட முடியாது. அட்டப்பாடியின் நிலம் அதற்கு உரியவர்களிடம் திரும்ப வேண்டும்.

இரண்டாவது, மனநல உரிமை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசின் செலவில் மனநலச் சேவை பெறும் உரிமையை அனைவருக்கும் அளிக்கிறது. உளச் சிகிச்சை பேச்சினால் நடப்பது. தன் அச்சத்தை ஒருவர் தாய்மொழியில் அல்லாமல் வேறு மொழியில் முழுதாகச் சொல்லிவிட முடியாது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தம் மொழியில் அரசோடு தொடர்பு கொள்ளும் உரிமையைத் தந்திருக்கிறது. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தமிழ் அறிந்த மனநலப் பணியாளர்களையும், அட்டப்பாடியில் பழங்குடி மொழிகளை அறிந்தவர்களையும் நியமிக்கக் கோருவது அந்த உரிமையின் நேரடி நீட்சியே.

முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் தருவது, சரியும் மலையின் அடியில் நிம்மதியாக உறங்கக் கற்றுக்கொடுப்பதாக முடியும். மெய்யான ஆபத்தைக் கண்டு அஞ்சுபவர் நோயாளி அல்லர். அவருடைய அச்சம் அறிவின் குரல். இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் பேசும் அரசியலோ, பெட்டிமுடியில் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு ஒவ்வொரு மழை இரவிலும் விழித்திருக்கும் பெற்றோரைப் பட்டாவுக்கான மனுவில் ஒரு கையெழுத்தாக மட்டுமே காணும்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள், சங்கக் கிளைகள் லயம் லயமாகச் சென்று அமர வேண்டும். முழக்கங்களோடு போவதற்கு முன் கேட்பதற்காகப் போக வேண்டும். எதைக் கண்டு அஞ்சுகிறீர்கள் என்று கேட்டு, சொல்லப்படுவதை எழுதி, அந்தப் பட்டியலையே கோரிக்கை மனுவாக்க வேண்டும். விழுங்கப்பட்ட அச்சம் வாய்விட்டுச் சொல்லப்படும் இடமாகத் தொழிற்சங்கம் மாறட்டும். ஒரு லயத்தில் சொல்லப்படும் அச்சம் அடுத்த லயத்தில் உள்ளதும்தான் என்று தெரியவரும் நாளில், மூணாறு சாலை மீண்டும் நிறையும்.